ஜெயித்ததுக்காகவே வெளியே தள்ளினாங்க... கேசினோக்களை கோர்ட்டுக்கு இழுத்த கென் யூஸ்டன்!

'21' படம் பார்த்திருக்கீங்களா? 2008ல் வந்த ஹாலிவுட் படம். கணக்கில் கில்லியான காலேஜ் பசங்க சிலர் லாஸ் வேகாஸ் போய், பிளாக்ஜாக் மேஜையில் உட்கார்ந்து சீட்டை எண்ணியே பணத்தை அள்ளுவார்கள். படம் முடிந்ததும் 'கார்டு கவுன்ட்டிங் எப்படி?' என்று போனில் தேடியவர்கள் ஏராளம். நீங்களும் அந்த லிஸ்ட்டில் இருந்தால், கென் யூஸ்டனைப் பற்றி தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பசங்க செய்த அதே வித்தையை 1970களிலேயே செய்து, அதை உலகத்துக்குப் போட்டு உடைத்து, கடைசியில் ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனவர் இவர்.

1935 ஜனவரி 12. நியூயார்க்கில் பிறந்தபோது இவர் பெயர் கென்னத் சென்ஸோ உசுய். அப்பா ஜப்பானியர், அம்மா ஆஸ்திரியாவைச் சேர்ந்தவர். 16 வயதில் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நம்ம ஊரில் பிளஸ் ஒன் படிக்கிற வயசு! அங்கிருந்து ஹார்வர்டில் எம்.பி.ஏ. பிறகு டெலிபோன் கம்பெனி, சிமென்ட் கம்பெனி என்று வேலை. கடைசியாக சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பசிபிக் பங்குச் சந்தையில் சீனியர் வைஸ் பிரசிடென்ட். நல்ல சம்பளம், கோட்டு சூட்டு, நாற்காலி எல்லாம் இருந்தது. வீட்டில் வரன் பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கிற பயோடேட்டா.

ஆனால் இவர் மனசு வார இறுதியில்தான் விழித்துக்கொள்ளும். எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர் 1962ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பிளாக்ஜாக்கில் கேசினோவை ஜெயிக்க முடியும் என்று ஐபிஎம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு நிரூபித்த புத்தகம். யூஸ்டன் அதைப் படித்துவிட்டுத்தான் மேஜைக்குப் போக ஆரம்பித்தார்.

மேலே போவதற்கு முன்னால் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிளாக்ஜாக்கில் உங்களுக்கு எதிரி டீலர் ஒருவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், டீலரைவிட அதிகமாக இருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாவற்றுக்கும் 10. ஏஸுக்கு 1 அல்லது 11. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்தால் அதுதான் பிளாக்ஜாக், அதற்கு ஒன்றரை மடங்கு பணம். டீலருக்குச் சொந்த புத்தி கிடையாது. 16 வரை சீட்டு எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நிறுத்தியே ஆகவேண்டும். ரோபோ மாதிரி.

எந்தக் கைக்கு என்ன செய்யணும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. இதற்கு 'பேஸிக் ஸ்ட்ராட்டஜி' என்று பெயர். நான்கு அமெரிக்க ராணுவ வீரர்கள், கம்ப்யூட்டர் இல்லாமல் மேஜைக் கணக்குப் பொறியை வைத்தே உழைத்து 1956ல் இதை வெளியிட்டார்கள். இரண்டு ஏஸ் வந்தாலும், இரண்டு எட்டு வந்தாலும் பிரித்து ஆடு. இரண்டு பத்து வந்தால் பிரிக்காதே. உன் கையில் 13 முதல் 16 வரை இருந்து, டீலர் காட்டும் சீட்டு 2 முதல் 6 வரை என்றால் சும்மா இரு. 7 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு சீட்டு எடு. இப்படிப் போகும் அது. இதை அச்சுப் பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேஜையில் கேசினோவின் லாப விகிதம் சுமார் அரை சதவீதம்தான். அட, அவ்வளவு குறைவா என்று தோன்றும். அந்த அரை சதவீதத்தில்தான் லாஸ் வேகாஸின் பாதி விளக்குகள் எரிகின்றன.

இப்போ எண்ணும் வித்தை. ரம்மி ஆடியிருந்தால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். எதிரில் இருப்பவர் எதை எடுக்கிறார், எதை இறக்குகிறார் என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் ஓட்டிக்கொண்டே இருப்போம் இல்லையா? அதே குணம்தான். 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வெளியே வந்தாலும் கூட்டல் ஒன்று. 7, 8, 9 வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 10, ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் வந்தால் கழித்தல் ஒன்று. மொத்தமே அவ்வளவுதான். 52 சீட்டையும் மனப்பாடம் பண்ணும் மேதாவி வேலை எதுவும் இதில் கிடையாது. மூன்றாம் வகுப்புக் கணக்கு.

உதாரணத்துக்கு 5, ராஜா, 3, 6, 9 என்று ஐந்து சீட்டு விழுகிறது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, இரண்டு, இரண்டு. எண்ணிக்கை இப்போது கூட்டல் இரண்டு. இதன் அர்த்தம், சின்னச் சீட்டுகள் அதிகம் வெளியேறிவிட்டன, மிச்சம் உள்ள கட்டில் பெரிய சீட்டுகள் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கின்றன. பெரிய சீட்டு அதிகம் என்றால் உங்களுக்கு பிளாக்ஜாக் விழும் வாய்ப்பு கூடும். டீலருக்கும்தான் கூடும், ஆனால் ஒன்றரை மடங்குப் பணம் உங்களுக்கு மட்டும்தான். தவிர, 16ல் நிற்க முடியாத அந்த ரோபோ டீலர், பத்து வந்து விழுந்து 21ஐத் தாண்டி அவுட் ஆவார். அப்போது பெரிதாகப் பணம் கட்டணும். எண்ணிக்கை கீழே போனால் குறைந்தபட்சம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கணும். ஆறு கட்டு சேர்த்து ஆடும் மேஜை என்றால், வந்த எண்ணை மிச்சமிருக்கும் கட்டுகளால் வகுத்துக்கொள்ள வேண்டும். கூட்டல் ஆறு வந்தாலும் இன்னும் மூன்று கட்டு பாக்கி என்றால், உங்கள் உண்மையான எண் இரண்டுதான்.

இவ்வளவு சுலபமா, அப்புறம் ஏன் எல்லாரும் பணக்காரர் ஆகவில்லை? இங்கேதான் ரீல்ஸ் வீடியோக்கள் ஒரு விஷயத்தை அமுக்கிவிடுகின்றன. பிசகாமல் எண்ணுபவருக்கு மிஞ்சுவது சுமார் ஒரு சதவீதம். தலா 100 டாலர் வீதம் 100 ரவுண்டு ஆடினால் சராசரி லாபம் 100 டாலர். ஆனால் அதே 100 ரவுண்டில் அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டம் மேலேயும் கீழேயும் 1,150 டாலர் வரை சர்வசாதாரணமாகப் போகும். லாபம் எறும்பு அளவு, ஆட்டம் யானை அளவு. உங்கள் திறமையால் வரும் லாபம் இந்த ஊசலாட்டத்தோடு சரிசமமாக வந்து நிற்கவே சுமார் 13,000 ரவுண்டு ஆகும். மணிக்கு 80 ரவுண்டு என்று வைத்தாலும் 165 மணி நேரம். அதுவரை கையில் பணம் தாங்கணும், கணக்கு தப்பக்கூடாது, யாரும் கண்டுபிடிக்கவும் கூடாது.

தனி ஆளால் முடியாத இந்தக் காரியத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஆல் ஃபிரான்செஸ்கோ. தன் சகோதரர் மேஜையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க, இவர் பின்னால் நின்று அவ்வப்போது பெரிய தொகையைத் தூக்கிப் போட்டிருக்கிறார். சகோதரர் ஜாடை காட்டும்போது மட்டும். கேசினோ ஆட்களோ இவரை யாரோ விளையாட்டுத் தெரியாத பணக்காரர் என்று நினைத்து விழுந்து விழுந்து உபசரித்தார்களாம். பொறி அங்கேதான் தட்டியது. ஒரு டீமே போடலாமே! ஆறேழு பேர் வெவ்வேறு மேஜைகளில் உட்கார்ந்து குறைந்தபட்சப் பணம் கட்டி அமைதியாக எண்ணிக்கொண்டே இருப்பார்கள். எங்கே எண்ணிக்கை ஏறுகிறதோ அங்கிருந்து கை ஜாடை வரும். உடனே 'பிக் பிளேயர்' தள்ளாடியபடி வந்து கட்டுக்கட்டாகப் பணம் வைப்பார். மேஜையில் எண்ணிக்கை இறங்கினால் எழுந்து போய்விடுவார். யாரும் திடீரென்று பணத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கண்காணிப்பவர்கள் கண்ணுக்கு எதுவுமே தப்பாகத் தெரியாது. எல்லாருடைய மணி நேரங்களும் ஒரே உண்டியலில் விழுவதால் அந்த 165 மணி நேரமும் சில நாட்களில் முடிந்துவிடும்.

1974 வாக்கில் யூஸ்டன் இந்த டீமில் சேர்ந்தார். முதலில் எண்ணும் ஆளாக இருந்தவர் சீக்கிரமே பிக் பிளேயர் ஆகிவிட்டார். பொருத்தமான வேஷம்தான். பேச்சு, உடை, ஊதாரித்தனம், நைட் லைஃப் எல்லாம் அவருக்கு நடிக்கத் தேவையே இல்லாத விஷயங்கள். இலவச சூட் ரூம், இலவசச் சாப்பாடு, ராஜ மரியாதை. பங்குச் சந்தை வேலையை உதறினார். 

கொஞ்ச நாளில் கேசினோக்கள் முழித்துக்கொண்டன. ஒவ்வொன்றாக அவரைத் தடை செய்ய ஆரம்பித்தன. அதாவது, தோளைத் தட்டி, இனிமேல் இங்கே வராதே என்று அனுப்பிவிடுவது. நெவாடா மாநிலத்தில் இதற்கு அனுமதி உண்டு. யூஸ்டன் அங்கேயே வழக்குப் போட்டுப் பார்த்தார், தோற்றார்.

1977ல் யூஸ்டன் ஒரு காரியம் செய்தார். ராஜர் ராப்போபோர்ட் என்பவரோடு சேர்ந்து 'தி பிக் பிளேயர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். டீம் எப்படி வேலை செய்கிறது, யார் எங்கே உட்காருவார்கள், எல்லாம் அதில் வந்துவிட்டது. எண்ணும் உலகத்தில் பலர் இதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஃபிரான்செஸ்கோ கண்டுபிடித்து, வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் அது. யூஸ்டன் முகம்தான் ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அவருக்கு நஷ்டம் குறைவு. மற்றவர்களுக்கு அது பிழைப்பு. இந்த ஒரு விஷயத்தில் யூஸ்டன் பக்கம் நிற்க முடியவில்லை. சீட்டை எண்ணும் வேலைக்கு முதல் தகுதியே யார் கண்ணிலும் படாமல் இருப்பது. அவருக்கோ எல்லார் கண்ணிலும் பட வேண்டும். டி.வி., பத்திரிகை, பேட்டி எதையும் விடமாட்டார்.

அதே சமயத்தில் கம்ப்யூட்டரையும் கையில் எடுத்தார். கையில் என்று சொல்லக்கூடாது, காலில்! கீத் டாஃப்ட் என்ற எலெக்ட்ரானிக்ஸ் நிபுணர், உடம்பில் ஒளித்து வைக்கும் சின்ன கம்ப்யூட்டரை உருவாக்கியிருந்தார். ஷூவுக்குள் கால் விரலால் சீட்டின் எண்ணை அழுத்தினால், அடுத்து என்ன செய்யணும் என்று அது சொல்லிவிடும். ஸ்மார்ட்போன் என்ற பேச்சே இல்லாத காலத்தில்! நெவாடா 1985ல் சட்டம் போட்டு இந்த மாதிரிக் கருவிகளைத் தடை செய்தது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: மூளையால் எண்ணினால் சட்டப்படி குற்றமில்லை. அங்கே பாக்கெட்டில் இருக்கும் போனில் ஒரு ஆப்பைத் திறந்து எண்ணினால் ஜெயில்.

1978 மே மாதம் அட்லான்டிக் சிட்டியில் முதல் கேசினோ திறந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் கடற்கரை ஊர். ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் என்பது அந்தக் கேசினோவின் பெயர். ஆரம்ப விதிகள் ஆட்டக்காரர்களுக்கு அல்வா மாதிரி இருந்தன. கை மோசமாக இருந்தால், டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு விலகலாம். யூஸ்டன் புது டீமோடு வந்து இறங்கினார். ஒன்பது நாளில் அந்த டீம் ஜெயித்தது 1,45,000 டாலர். 1979 ஜனவரி கடைசியில் ரிசார்ட்ஸ் அவரை பிளாக்ஜாக் மேஜைக்கு வரக்கூடாது என்று தடை செய்துவிட்டது.

அவர் ஏமாற்றவில்லை. சீட்டில் குறி வைக்கவில்லை. டீலருக்கு லஞ்சம் தரவில்லை. மேஜையில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி போடப்பட்ட சீட்டுகளைப் பார்த்து யோசித்தார், அவ்வளவுதான். வீட்டை விற்றுத் தோற்கிறவருக்கு அங்கே ரத்தினக் கம்பளம். யோசித்து ஆடுகிறவருக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளல். கடை எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று போர்டு மாட்டிவிட்டு, தோற்கிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று சொல்ல முடியுமா? யூஸ்டன் இந்தக் கேள்வியோடு படியேறினார். 

1982 மே மாதம் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஜெயித்தது யூஸ்டன்தான். கேசினோ ஆட்ட விதிகளைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசின் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு மட்டுமே உண்டு, எண்ணுகிறவர்களைத் தடை செய்யலாம் என்று ஆணையம் விதி எதுவும் போடவில்லை, ஆகவே கேசினோ தன் இஷ்டத்துக்கு ஒருவரைத் தள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பொதுமக்களுக்காகத் திறந்து வைத்த இடத்தில், உரிமையாளர் நியாயமான காரணம் இல்லாமல் ஒருவரை விலக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. சூதாட்டத்துக்கு சம்பந்தமே இல்லாத அமெரிக்கச் சட்ட மாணவர்கள்கூட இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

சரி, அதற்கப்புறம் எண்ணுகிறவர்கள் எல்லாம் அட்லான்டிக் சிட்டியில் கொடிகட்டிப் பறந்தார்களா? இல்லை. ஆளைத் தள்ள முடியாவிட்டால் ஆட்டத்தை மாற்றிவிட்டால் போச்சு! எட்டுக் கட்டுச் சீட்டு வைத்தார்கள். பாதிக் கட்டு முடிவதற்குள் மறுபடி கலைத்தார்கள். பாதிப் பணத்தோடு விலகும் அந்தச் சலுகையோ தீர்ப்புக்கு முன்பே, 1981லேயே போய்விட்டது. கோர்ட்டில் வாங்கிய உரிமை கையில் இருக்கிறது, மேஜையில் லாபம் இல்லை.

யூஸ்டன் சும்மா உட்காரவில்லை. ஒட்டுத்தாடி, விக், தொழிலாளி உடுப்பு என்று வேஷம் மாற்றி மாற்றி மற்ற ஊர் கேசினோக்களுக்குள் நுழைந்தார். ஒரு தடவை ரீனோ நகரத்தில் காவலாளி விட்ட குத்தில் முகத்து எலும்பு உடைந்தது. 1981ல் 'மில்லியன் டாலர் பிளாக்ஜாக்' புத்தகம். அடுத்து அவர் பிடித்தது என்ன தெரியுமா? பேக்-மேன்! வாயைத் திறந்து திறந்து புள்ளிகளை விழுங்குமே, அதே வீடியோ கேம்தான். பேய்கள் எந்த வழியில் வரும் என்பதில் ஒரு ஒழுங்கு இருப்பதைப் பார்த்து, எந்தப் பாதையில் ஓடினால் தப்பிக்கலாம் என்று அவர் எழுதிய வழிகாட்டிப் புத்தகம் 1982ல் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. ஆட்டம் எதுவாக இருந்தாலும் அதற்குள் ஒரு ஒழுங்கு ஒளிந்திருக்கும் என்று தேடுகிற மூளை அது.

இதைப் படித்துவிட்டு இன்று எண்ணிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போனில் இருக்கும் பிளாக்ஜாக் ஆப்களில் கம்ப்யூட்டர் வழக்கமாக ஒவ்வொரு ரவுண்டுக்கும் கட்டைப் புதிதாகக் கலைத்துவிடும். அங்கே எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. தவிர, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை இந்தியாவில் 2025ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. வெளிநாட்டுக் கேசினோக்களிலும் பல மேஜைகளில் சீட்டை விடாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் மெஷின் வந்துவிட்டது. அங்கேயும் வேலைக்கு ஆகாது. மேஜை விரிப்பில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 என்று இருந்தால் அது பழைய ஒன்றரை மடங்கு. 6க்கு 5 என்று இருந்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். 100 டாலருக்கு 150 கிடைக்க வேண்டிய இடத்தில் 120தான் தருவார்கள். இந்த ஒரு மாற்றமே கேசினோவின் லாபத்தைச் சுமார் 1.4 சதவீதம் ஏற்றிவிடும். எண்ணிச் சம்பாதிக்கும் ஒரு சதவீதத்தை அதுவே விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். டீலர் ஏஸ் காட்டும்போது 'இன்ஷூரன்ஸ்' வேண்டுமா என்று கேட்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். டீலரிடம் மறைந்திருப்பது பத்தா என்று கட்டும் தனிப் பந்தயம் அது. மூன்றில் ஒரு தடவையாவது பத்து இருந்தால்தான் கட்டும் பணம் திரும்பும். ஒரு கட்டில் 52க்கு 16தான் பத்து. எண்ணாதவர்களுக்கு அது தண்டம்.

1987 செப்டம்பர் 19. பாரிஸில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் யூஸ்டன் இறந்து கிடந்தார். இதயச் செயலிழப்பு. வயது 52. சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டோ அத்தனை என்று ரசிகர்கள் இன்றும் சொல்லி ஆச்சரியப்படுவார்கள். அது வெறும் தற்செயல்தான். சாவதற்குள் கிட்டத்தட்ட எல்லாப் பெரிய கேசினோக்களும் அவரை அடையாளம் வைத்திருந்தன. பிற்பாடு பிளாக்ஜாக் 'ஹால் ஆஃப் ஃபேம்' ஆரம்பித்தபோது, முதல் பட்டியலிலேயே தார்ப், ஃபிரான்செஸ்கோவோடு யூஸ்டன் பெயரும் சேர்ந்தது. ரகசியத்தைக் கண்டுபிடித்தவரும், போட்டு உடைத்தவரும் ஒரே லிஸ்ட்டில்.

அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அட்லான்டிக் சிட்டியில் நீங்கள் சீட்டை எண்ணுவது தெரிந்தாலும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் எண்ணிக்கை ஏறி, நீங்கள் பணத்தைக் கூட்டும் அந்த நொடியில், மேற்பார்வையாளர் டீலரைப் பார்த்துத் தலையசைப்பார். டீலர் மிச்சமிருக்கும் கட்டை எடுத்து, உங்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தபடியே, முதலிலிருந்து கலைக்க ஆரம்பித்துவிடுவார்.